பத்துக்குள் பத்து: தொகை நூல்களும் ஜாவா ஸ்ட்ரீமும்



ஜாவா படிக்கிற பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் சிக்கல் ஒன்று உண்டு. "லிஸ்ட்டுக்குள்ள லிஸ்ட் இருக்கு சார். உள்ள இருக்கிற ஆப்ஜெக்ட்டைப் பார்த்து ஃபில்டர் பண்ணணும். ஸ்ட்ரீம் போட்டேன், கம்பைல் ஆகுது, ஓடவும் செய்யுது. ஆனா வர்ற விடை நான் கேட்டது இல்ல." எர்ரர் காட்டி நின்றுவிடும் நிரலை யாராவது திருத்திவிடுவார்கள். தவறான விடையோடு அமைதியாக ஓடும் நிரலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தப் பொழிவு முழுவதையும் அந்த ஒரு சிக்கலுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பாடப்புத்தகங்கள் இதற்குக் கம்பெனி, அதற்குள் டிபார்ட்மென்ட், அதற்குள் எம்ப்ளாயி என்று எடுத்துக்காட்டுத் தரும். மதுரையில் பேசுகிறவனுக்கு அது தேவையில்லை. எட்டுத்தொகை நம்மிடம் இருக்கிறது. அடுக்குப் பட்டியல் எத்தனை விதமாக அமைய முடியுமோ அத்தனையும் அந்த எட்டுக்குள் இருக்கிறது. ஒரு நிரலாளர் எங்கெல்லாம் தடுக்கி விழுவாரோ அந்த இடங்களும் இருக்கின்றன.

முதலில் ஐங்குறுநூறு. ஐந்து நூறுகள். ஒவ்வொரு நூறும் ஒரு திணை, ஒரு புலவர்: மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்துகளாகப் பிரிகிறது. பத்துகளுக்குப் பெயர் உண்டு: வேட்கைப் பத்து, கள்வன் பத்து, எருமைப் பத்து, தொண்டிப் பத்து, மஞ்ஞைப் பத்து. ஒவ்வொரு பத்துக்குள்ளும் பத்துப் பாடல். இதை இப்படி அடுக்கியவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். ஜாவாவில் எழுதினால் நூறு என்ற ஆப்ஜெக்ட்டுகளின் பட்டியல். ஒவ்வொரு நூறுக்குள்ளும் பத்து என்ற ஆப்ஜெக்ட்டுகளின் பட்டியல். ஒவ்வொரு பத்துக்குள்ளும் பாடல்களின் பட்டியல். ஜாவா பெயர்களில் யூனிகோடு எழுத்துகளை ஏற்பதால் கிளாஸுக்கு நூறு, பத்து, பாடல் என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். கம்பைலர் மறுப்புச் சொல்லாது. வகுப்பில் நான் அப்படித்தான் எழுதுகிறேன். தமிழ்த்துறை மாணவர்களும் நிரலைப் படித்துப் பின்தொடர்ந்து வருகிறார்கள்.

2014 மார்ச்சில் ஜாவா 8 வரும்வரை இதில் தேட மூன்று ஃபார் லூப்பை ஒன்றுக்குள் ஒன்றாக எழுத வேண்டும். பிரையன் கெட்ஸ் முன்னின்று நடத்திய லாம்டா திட்டம் அந்தப் பதிப்பில் ஸ்ட்ரீமைக் கொண்டுவந்தது. பட்டியலிலிருந்து ஸ்ட்ரீம் எடுக்கிறோம், இடையில் ஃபில்டர், மேப் போன்ற படிகளைக் கோக்கிறோம், கடைசியில் விடையைத் திரட்டும் ஒரு படி வைக்கிறோம். கடைசிப் படி வரும்வரை எதுவும் ஓடாது. ஒருமுறை ஓடிய ஸ்ட்ரீமை மறுபடி ஓட்டவும் முடியாது. இவ்வளவு தெரிந்தால் இன்றைக்குப் போதும்.

இப்போது கேள்வி: எருமை வரும் பாடல்களைத் தேடு. கேட்பதற்கு ஒரே கேள்வி போலத் தெரிகிறது. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன, மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

எருமை வரும் பாடல் ஒன்றாவது உள்ள பத்துகள் எவை என்று கேட்கலாம். அப்போது விடை பத்துகளின் பட்டியல். வெளிப் பட்டியலுக்கு ஃபில்டர், அந்த ஃபில்டருக்குள் பத்தின் பாடல்களுக்கு இன்னொரு ஸ்ட்ரீம், அதன் முடிவில் எனிமேட்ச். ஒரு பத்து தேறினால் அதன் பாடல்கள் எல்லாமே கூட வரும், எருமை இல்லாத பாடலும் சேர்த்து. அல்லது, பத்து எதுவானால் என்ன, பாடல்கள் மட்டும் கொடு என்று கேட்கலாம். அப்போது ஃபிளாட்மேப் போட்டு எல்லாப் பத்துகளின் பாடல்களையும் ஒரே வரிசையில் இறக்கி, அதன்பின் ஃபில்டர் செய்ய வேண்டும். மூன்றாவதாக, பத்துகள் அதே அடுக்கில் வர வேண்டும், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் எருமைப் பாடல் மட்டும் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். அப்போது மேப் போட்டு ஒவ்வொரு பத்துக்கும் பதிலாகப் புதிய பத்து ஒன்றை உருவாக்க வேண்டும்: பெயர் பழையது, உள்ளே வடிகட்டிய பட்டியல். பிறகு உள்ளே ஒன்றுமில்லாத பத்துகளை இன்னொரு ஃபில்டரால் நீக்கலாம், வேண்டுமென்றால்.

மாணவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது கேள்வி. எழுதுவது முதலாவது. வெளி ஃபில்டருக்குள் உள் நிபந்தனையை வைத்துவிட்டால் உள் பட்டியலும் தானாகச் சுருங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். ஃபில்டர் எந்த ஆப்ஜெக்ட்டையும் தொடாது. அதை உள்ளே விடலாமா வேண்டாமா என்று மட்டும் சொல்லும். பத்தை உள்ளே விட்டால் முழுப் பத்தும் உள்ளே வரும்.

இதைக் கண்டுகொண்ட சிலர் அடுத்த தவறுக்குப் போகிறார்கள். ஃபாரீச் போட்டு, உள் பட்டியலின் மீது ரிமூவ்இஃப் கூப்பிட்டு, வேண்டாத பாடல்களை நீக்கிவிடுகிறார்கள். விடை சரியாக வரும், முதல் முறை மட்டும். அடுத்த தேடலுக்குப் போனால் நூலே குறைந்துபோயிருக்கும். எருமையைத் தேடியவர் பிறகு மஞ்ஞையைத் தேடினால் எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் எருமை இல்லாத பாடல்கள் எல்லாம் முன்பே போய்விட்டன. இதற்கு நான் சொல்லும் வழி கண்டிப்பானது. பத்தையும் பாடலையும் ரெக்கார்டாக எழுதுங்கள். ஜாவா 16லிருந்து அது மொழியின் நிலையான பகுதி. பட்டியலை உள்ளே வாங்கும்போது லிஸ்ட் காப்பிஆஃப் கொண்டு மாற்ற முடியாத நகலாக்கி வாங்குங்கள். அதன்பின் யாராவது ரிமூவ்இஃப் கூப்பிட்டால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மூலத்தில் கைவைக்க முடியாதபடி பூட்டிவிட்டுத்தான் தேட ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி இன்னும் ஆழமானது. கபிலர் பாடல்கள் எல்லாவற்றையும் எட்டுத்தொகையிலிருந்து எடுக்க வேண்டும். பாடலுக்குப் புலவர் என்று ஒரு ஃபீல்டு வைத்து, அது கபிலர் என்றால் உள்ளே விடு என்று எழுதிவிடலாமா?

அகநானூற்றிலும் புறநானூற்றிலும் சரியாக வரும். அங்கே புலவர் பெயர் பாடலோடு இருக்கிறது. ஐங்குறுநூற்றில் புலவர் பெயர் நூறோடு இருக்கிறது. குறிஞ்சி நூறு முழுவதும் கபிலருடையது, ஒவ்வொரு பாடலிலும் தனித்தனியே எழுதப்படவில்லை. பதிற்றுப்பத்தில் பெயர் பத்தோடு இருக்கிறது. ஒவ்வொரு பத்தின் முடிவிலும் உள்ள பதிகம்தான் பாடியவர் யார், பாடப்பட்ட சேரன் யார், பெற்ற பரிசில் என்ன என்று சொல்கிறது. ஏழாம் பத்து செல்வக்கடுங்கோ வாழியாதன் மீது கபிலர் பாடியது என்பது பதிகத்தின் செய்தி. ஆக, ஒரே பண்பு இந்த நான்கு நூல்களில் மூன்று மட்டங்களில் உட்கார்ந்திருக்கிறது. பாடல் மட்டத்தில் மட்டும் தேடினால் ஐங்குறுநூற்றிலும் பதிற்றுப்பத்திலும் உள்ள கபிலரின் 110 பாடல்கள் ஒரே அடியாகத் தப்பிவிடும். எர்ரர் எதுவும் வராது.

அடுக்குப் பட்டியலை வடிகட்டுவதில் முதன்மையான வேலை இதுதான் என்பது என் கருத்து. எந்த மெத்தடை அழைப்பது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வருவது. என் நிபந்தனை எந்த மட்டத்துக்கு உரியது, எனக்கு வேண்டிய விடை எந்த மட்டத்துக்கு உரியது: இந்த இரண்டையும் தாளில் எழுதிவிட்டு விசைப்பலகையில் கை வைத்தால் நிரல் பெரும்பாலும் தானாக வந்துவிடும். நிபந்தனை மேல்மட்டத்துக்கு உரியதென்றால் மேலேயே வடிகட்டிவிடுவது வேலையையும் மிச்சப்படுத்தும். ஐங்குறுநூற்றில் குறிஞ்சிப் பாடல் வேண்டுமென்றால் நூறு மட்டத்தில் ஒரு ஃபில்டர் போதும். ஐந்து ஆப்ஜெக்ட்டைப் பார்த்ததோடு வேலை முடிந்தது. மற்ற நானூற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

ஃபிளாட்மேப்பின் விலை என்ன என்று இனிப் பார்ப்போம். அது அடுக்கைக் கலைத்துவிடுகிறது. பாடல் கையில் இருக்கும்; எந்தப் பத்திலிருந்து வந்தது, எந்த நூறிலிருந்து வந்தது என்பது போய்விடும். பத்தின் பெயரைப் பாடலில் எழுதி வைத்துக்கொண்டால் போதாதா என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. விடையை நூலே சொல்கிறது: தோழிக்கு உரைத்த பத்து என்ற பெயர் மருதத்திலும் இருக்கிறது, நெய்தலிலும் இருக்கிறது. முன்னது 31 முதல் 40 வரை, பின்னது 111 முதல் 120 வரை. பத்தின் பெயரை வைத்து குரூப்பிங்பை செய்தால் ஓரம்போகியாரும் அம்மூவனாரும் ஒரே குழுவில் கலந்துவிடுவார்கள். டூமேப் கொண்டு பெயரைச் சாவியாக்கினாலோ ஒரே சாவி இரண்டு முறை வருகிறது என்று நிரல் நின்றுவிடும். நின்றுவிடுவது நல்லது. கலந்துவிடுவதுதான் கவலைக்குரியது.

வழி இருக்கிறது. ஃபிளாட்மேப்பின் லாம்டாவுக்குள் நாம் நிற்கும்போது பத்து இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. அங்கேயே, பாடல்களின் ஸ்ட்ரீமைத் திருப்பித் தருவதற்கு முன்னால், ஒவ்வொரு பாடலையும் அதன் பத்தோடும் நூறோடும் சேர்த்து ஒரு சிறு ரெக்கார்டாகக் கட்டிவிட வேண்டும். நான் அதற்கு இடப்பாடல் என்று பெயர் வைத்திருக்கிறேன். பிறகு ஃபில்டர் அந்த இடப்பாடல் மீது நடக்கும். நிபந்தனை எந்த மட்டத்தைக் கேட்டாலும் விடை சொல்ல முடியும், வடிகட்டி வெளியே வரும் ஒவ்வொன்றும் தன் முகவரியோடு வரும். கபிலர் சிக்கலும் இதோடு தீர்ந்துவிடுகிறது. புலவர் யார் என்று கேட்டால் இடப்பாடல் முதலில் பாடலைப் பார்க்கும், அங்கே இல்லையென்றால் பத்தை, அங்கேயும் இல்லையென்றால் நூறை. ஜாவா 16லிருந்து மேப்மல்டி என்ற இன்னொரு வழியும் உண்டு. உள்ளே சில ஆப்ஜெக்ட்டுகளே தேறும் என்றால் அது சிக்கனமானது. ஆனால் படிக்கிறவருக்குப் புரிவது ஃபிளாட்மேப்தான் என்பதால் நான் அதிலேயே நிற்கிறேன்.

முகவரி ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களைக் கீழடிக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில், வைகைக்குத் தெற்கே இருக்கிறது. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். அகழாய்வின் பதிவேடும் அடுக்குப் பட்டியல்தான்: அகழாய்வுக் கட்டம், அதற்குள் குழிகள், குழிக்குள் மண்ணடுக்குகள், அடுக்குக்குள் பொருள்கள். ஆதன் என்ற பெயர் கீறிய பானையோடு அந்தக் கடைசி மட்டத்தில் இருக்கும் ஒரு பொருள். எல்லாக் குழிகளையும் ஃபிளாட்மேப் செய்து, எழுத்துள்ள ஓடுகளை மட்டும் ஃபில்டர் செய்தால் அழகான ஒரு பட்டியல் கிடைக்கும். ஆராய்ச்சிக்கு அது உதவாது. எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்பதைவிட்டுப் பிரிந்த ஓடு காலம் சொல்லாது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் கி.மு. 580 என்ற காலம் எதன் பலத்தில் நிற்கிறது? 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி என்று பதிவாகியிருப்பதன் பலத்தில். அந்த 353 மாதிரியின் பண்பு இல்லை. அது கிடந்த இடத்தின் பண்பு.

இன்னொன்றும் உண்டு. "மூன்று மீட்டருக்குக் கீழே கிடைத்தவை" என்று எல்லாக் குழிகளுக்கும் சேர்த்து ஒரே ஃபில்டர் போடுவதும் தவறு. ஒரு குழியில் மூன்று மீட்டரில் வரும் மண்ணடுக்கு இன்னொரு குழியில் இரண்டிலேயே வந்துவிடலாம். நிபந்தனையே மேல்மட்டத்தைப் பொறுத்து மாறுகிறது. அப்போது லாம்டாவுக்குள் குழியும் கையில் இருந்தாக வேண்டும். அந்தக் குழியின் அடுக்கு விவரத்தோடு ஒப்பிட்டுத்தான் பொருளை உள்ளே விடலாமா என்று முடிவு செய்ய முடியும்.

மறுபடி நூலுக்கு வருகிறேன். பாண்டியன் உக்கிரப்பெருவழுதி தொகுப்பிக்க, மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் தொகுத்த அகநானூறு, தொகுப்புக் கலையில் ஓர் உச்சம் என்றே நினைக்கிறேன். அதில் நானூறு பாடல்களும் ஒரே வரிசை. ஆனால் வரிசை எண்ணுக்குள்ளேயே திணை இருக்கிறது. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிவன குறிஞ்சி. 4 என்று முடிவது முல்லை, 6 மருதம், 10, 20 என்று பத்தின் மடங்காக வருவது நெய்தல். பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. எண்ணைப் பத்தால் வகுத்து மீதியைப் பார்த்தால் திணை தெரிந்துவிடும். ஃபில்டருக்கு இதைவிட எளிய நிபந்தனை கிடையாது. முல்லை வேண்டுமா, மீதி 4.

இதே நூல் களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக் கோவை என்று மூன்று பகுதியாகவும் பிரிந்திருக்கிறது: 1 முதல் 120, 121 முதல் 300, 301 முதல் 400. கவனியுங்கள், வெட்டு விழுவது 120இலும் 300இலும், இரண்டும் பத்தின் மடங்கு. அதனால் மணிமிடை பவளத்தை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்து மறுபடி ஒன்று முதல் எண்ணினாலும் திணைக் கணக்கு பிசகாது. நான்காவது பாடல் அப்போதும் முல்லைதான். ஆனால் புலவரை வைத்து வடிகட்டிவிட்டு எண்ணிப் பாருங்கள். அகநானூற்றிலிருந்து கபிலர் பாடல்களை எடுத்து அடுக்கினால் முதல் பாடல் ஒன்றாம் இடத்தில் உட்காரும், உடனே பாலை என்று கணக்கு சொல்லும். பட்டியலில் இருக்கும் இடத்தையே எண்ணாக நம்பியதன் விளைவு. ஸ்ட்ரீமின் ஃபில்டர் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் பார்க்கும். அது எத்தனையாவது என்பதை நமக்குத் தராது. எண் ஒரு பொருளின் அடையாளம் என்றால் அது அந்த ஆப்ஜெக்ட்டுக்குள் ஒரு ஃபீல்டாக இருக்க வேண்டும்.

எண்ணிக்கை எடுக்கும்போது வரும் சிக்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டு நூல்களிலும் நூல்வாரியாக முல்லைத் திணைப் பாடல் எத்தனை? முல்லையை முதலில் ஃபில்டர் செய்துவிட்டு நூல்வாரியாகக் குழு பிரித்தால் ஐங்குறுநூறு 100, அகநானூறு 40, கலித்தொகை 17 என்று வரும். பதிற்றுப்பத்தும் புறநானூறும் விடையிலேயே இருக்காது. பூச்சியம் என்று வருவதற்கும் பெயரே வராமல் போவதற்கும் வேறுபாடு இருக்கிறது. பார்ப்பவர் அந்த நூல்களைத் தேடினோமா என்றே அறிய முடியாது. ஜாவா 9இல் வந்த கலெக்டர்ஸ் ஃபில்டரிங் இதற்காகவே வந்தது. முதலில் குழு பிரி, பிறகு குழுவுக்குள் வடிகட்டு. அப்போது எட்டு பெயரும் நிற்கும், முல்லை இல்லாதவற்றுக்கு எதிரே பூச்சியம் நிற்கும்.

அதே புறநானூற்றில் முல்லை என்ற எழுத்துகளைத் தேடினால் நிறையக் கிடைக்கும். மூதின் முல்லை, வல்லாண் முல்லை என்பவை வாகைத் திணையின் துறைகள். பூவாகவும் முல்லை வரும். திணையைச் சரமாக வைத்து கன்டெய்ன்ஸ் என்று தேடுகிற நிரல் இவை அனைத்தையும் முல்லைத் திணை என்று எண்ணிவிடும். திணைக்கு ஈனம் (enum) ஒன்று எழுதி, அதன் வகைகளை நிலையாகப் பெயரிட்டு வைத்துவிட்டால் இந்தத் தவறு நடக்கவே வழியில்லை.

தமிழ்ச் சரத்தைத் தேடுவதில் வேறு குழிகளும் உண்டு. பால என்று தேடினால் பாலையும் வரும், பால்-உம் வரும், ஏனென்றால் கணினிக்குப் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறியீடுகள். கொ என்ற எழுத்தின் உயிர்மெய்க் குறியை ஒரே குறியீட்டாலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஈக்வல்ஸ் வேறென்று சொல்லும். கோப்பைப் படித்தவுடன் ஜாவாவின் நார்மலைசர் வழியே ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

இந்த நூல்களின் கோப்புகள் நமக்குக் கிடைப்பதற்குக் காரணமானவர்களை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்க வேண்டும். 1901இல் பாண்டித்துரைத் தேவர் இந்த ஊரில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த சில ஆண்டுகளில், 1903இல் ஐங்குறுநூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் உ.வே.சாமிநாதையர் அச்சிட்டார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சிட்டு, முதலில் திஸ்கி எழுத்திலும் பின்னர் யூனிகோடிலும் நூல்களை எல்லோருக்கும் கிடைக்கச் செய்தார்கள். அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ப. பாண்டியராஜா சங்க நூல்களுக்குக் கணினிவழித் தொடரடைவு செய்து தந்தார். ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் அடியும், நூலும், பாடல் எண்ணும் சேர்ந்து கிடைக்கும். நான் இவ்வளவு நேரம் முகவரி முகவரி என்று பேசியதை அவர் செய்தே காட்டியிருக்கிறார்.

கடைசியாக, இல்லாமற்போன பாடல்கள். அடுக்குப் பட்டியலில் நிரல் அதிகமாக விழும் குழி இதுதான், இதில் சற்று நிற்க வேண்டும்.

ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. நெய்தலில் கிழவற்கு உரைத்த பத்துக்குள் எட்டுப் பாடல்தான் இருக்கிறது. நற்றிணையில் 234 இல்லை. புறநானூற்றில் 267, 268 இல்லை. அந்த இடங்களில் நல் (null) வைத்துவிட்டால் முதல் ஃபில்டரே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்று விழும். இடமே விடாமல் சேர்த்துவிட்டால் 131 முதல் எல்லாப் பாடலும் இரண்டிடம் முன்னே நகர்ந்துவிடும். எண்ணை ஃபீல்டாக வைத்தவர் தப்பிப்பார்.

பதிற்றுப்பத்தில் இழப்பு ஒரு மட்டம் மேலே. பத்துப் பத்துகளில் முதலாவதும் பத்தாவதும் கிடைக்கவில்லை. பாடல் பட்டியலே இல்லாத பத்து. அதை நல் என்று வைப்பதைவிட வெறும் பட்டியலாக வைப்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஃபிளாட்மேப்புக்கு அது வசதி. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. எல்லாப் பாடலும் கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பாடும் பத்துகள் எவை என்று ஆல்மேட்ச் போட்டுக் கேளுங்கள். பரணர் பாடிய ஐந்தாம் பத்து வரும். அதோடு முதல் பத்தும் பத்தாம் பத்தும் வரும். வெறும் பட்டியலில் ஆல்மேட்ச் எப்போதும் ஆம் என்றே சொல்லும்; மறுப்பதற்கு ஒரு பாடல் கூட உள்ளே இல்லையே. தர்க்கத்தின்படி அது சரி. இலக்கிய வரலாற்றின்படி, செங்குட்டுவனைப் பாடியதாகச் சான்றில்லாத இரண்டு பத்துகளை அவன் பெயரில் எழுதிவிட்டோம். ஆல்மேட்ச் எழுதும் இடத்திலெல்லாம் பட்டியல் வெறுமையாக இல்லை என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுதுங்கள்.

இதைவிட நேர்மையான வழி ஒன்றை இப்போது மொழியே தருகிறது. ஜாவா 17இல் சீல்டு இன்டர்ஃபேஸ் நிலைபெற்றது. பாடல் என்பதை அப்படி ஒரு இன்டர்ஃபேஸாக்கி, அதற்கு இரண்டே வகைகள் என்று அடைத்துவிடலாம்: கிடைத்த பாடல், கிடைக்காத பாடல். கிடைத்ததற்கு அடிகள் உண்டு, திணை உண்டு, துறை உண்டு. கிடைக்காததற்கு எண் மட்டும் உண்டு. எதனால் தெரியும் என்ற குறிப்பும் வைக்கலாம். ஜாவா 21இன் ஸ்விட்ச் இரண்டு வகைக்கும் விடை எழுதாமல் கம்பைல் ஆகவிடாது. நிரல் எழுதுகிறவர் இழப்பைப் பற்றி முடிவெடுத்தே தீர வேண்டும்.

இதை நான் முதலில் பரிபாடலுக்குத்தான் செய்து பார்த்தேன். பரிபாடல் நம் ஊரின் நூல். வைகையில் வரும் புதுவெள்ளமும் பரங்குன்றமும் இருங்குன்றமும் அதில்தான் இருக்கின்றன. அதன் பாடல்களுக்கு மற்றத் தொகைகளில் இல்லாத ஃபீல்டுகள் உண்டு: பண், இசை வகுத்தவர். பழைய வெண்பா ஒன்றின் கணக்குப்படி மொத்தம் 70, அவற்றுள் வைகைக்கு 26, மதுரைக்கு 4. இன்று முழுமையாக இருப்பவை 22: திருமாலுக்கு 6, செவ்வேளுக்கு 8, வைகைக்கு 8. மதுரையைப் பற்றியவற்றில் சில துண்டுகள் மட்டும் புறத்திரட்டிலும் உரைகளிலும் எஞ்சின.

சாதாரணமாக எழுதிய நிரலிடம் மதுரை பற்றிய பரிபாடல்களைக் கேட்டால் வெறும் பட்டியல் திரும்பி வரும். அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்பதற்கும் அதே வெறும் பட்டியல்தான் வரும். இரண்டு வகையாகப் பிரித்து எழுதிய நிரலிடம் கேட்டால் நான்கு ஆப்ஜெக்ட்டுகள் வருகின்றன. நான்கும் கிடைக்காத பாடல் என்ற வகை. ஒவ்வொன்றின் குறிப்பிலும் அந்த வெண்பாவின் சான்று. எஞ்சிய துண்டுகளை நான்கில் எதனோடு சேர்ப்பது என்பதை நிரலால் முடிவுசெய்ய முடியாது. அதற்கு மூன்றாவது வகை ஒன்று வேண்டும், அதன் வடிவத்தைத் தமிழ்த்துறை நண்பர்களோடு உட்கார்ந்து எழுத விரும்புகிறேன். பொழிவு முடிந்ததும் கணினிக்கூடம் திறந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். நிரல் அங்கே இருக்கிறது, வாருங்கள்.